நொடித்தால் யார் தாங்குவது?

பாகூர் கொம்யூனில் உள்ள தனியார் கல்லூரி ஒன்றில் நடந்த தொழில்முனைவு விழிப்புணர்வு முகாமுக்கு நாங்கள் மூவர் போயிருந்தோம். விருந்தினராக அல்ல, வாயிலருகே மேசை போட்டுப் புத்தகம் விற்க. (அன்று விற்றவை நான்கே புத்தகங்கள். தொழில்முனைவைப் பற்றிப் பேச எங்களுக்குள்ள தகுதி இவ்வளவே என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறோம்.) வெளியூரிலிருந்து வரவழைக்கப்பட்ட பயிற்சியாளர் ஒருவர் அரங்கில் முழங்கினார். ஒலிபெருக்கியின் தயவில் அவர் பேச்சு முழுவதும் எங்கள் மேசைக்கும் வந்து சேர்ந்தது. கிராமத்து மாணவனுக்குத் தொழில் தொடங்கும் நாட்டம் இல்லை, காரணம் குடும்பம். அப்பாவுக்கு அரசு உத்தியோகம் வேண்டும், அம்மாவுக்கு ஊரார் பேச்சு வரக்கூடாது, தாத்தாவுக்குச் சாதி கௌரவம் குறையக்கூடாது. இந்த விலங்குகளை உடைத்துக்கொண்டு வருபவனே நாளைய முதலாளி. இதுதான் உரையின் சாரம். முடிவில் மாணவர்களை எழுந்து நிற்கச் சொல்லி, வேலை தேட மாட்டேன், வேலை கொடுப்பேன் என்று மும்முறை உறுதி சொல்லவைத்தார். சொன்னார்கள். சொல்லிவிட்டுப் பேருந்துக்கு ஓடினார்கள்.

அந்தப் பேருந்துக் காசு எந்தத் தொழிலிலிருந்து வந்தது என்ற கேள்வி மட்டும் எங்கள் மேசையிலேயே கிடந்தது. பாகூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் விடியுமுன் எழும் பெண்கள் பாலைக் கறந்து, பாண்லேவுக்குப் போகும் பாலாகச் சங்கத்தில் ஊற்றிவிட்டுத் திரும்புகிறார்கள். ஒருத்தி வாசலில் அடுப்பு மூட்டி இட்லிக் குண்டானை ஏற்றுகிறாள். இன்னொருத்தி உதிரிப் பூ வாங்கிச் சரம் கட்டிக் கோயில் வாசலுக்கு அனுப்புகிறாள். மகளிர் குழுக் கடனில் தையல் எந்திரம் வாங்கியவள், தீபாவளிக்கு முந்தைய மாதத்தில் உறங்குவதே இல்லை. விலை, கடன், தவணை, வாராக்கடன், எந்தக் கிழமையில் எது விற்கும் என்பதெல்லாம் இவர்களுக்கு மனப்பாடம். இவர்களுடைய மகன் கல்லூரிப் படிவத்தில் 'தாயின் தொழில்' என்ற இடத்தில் 'இல்லத்தரசி' என்று எழுதுகிறான். அவனை முன்வரிசையில் உட்காரவைத்து, உன் குடும்பத்தில் தொழில் பண்பாடு இல்லை என்று ஒருவர் சொல்கிறார். அவனும் நம்பிவிடுகிறான். எங்கள் வழக்கு இங்கிருந்துதான் தொடங்குகிறது.

பயிற்சியாளர் சொன்னது அவருடைய சொந்தச் சரக்கன்று. குடும்ப விழுமியமும் சமூக விழுமியமும் மாணவரின் தொழில்நாட்டத்தை எப்படி வடிவமைக்கின்றன என்று வணிக மேலாண்மைத் துறைகளில் ஆண்டுதோறும் ஆய்வேடுகள் எழுதப்படுகின்றன. 1991இல் ஐசக் அய்சன் முன்வைத்த திட்டமிட்ட நடத்தைக் கோட்பாடு அவற்றுக்கெல்லாம் அடிமனை. 'நான் தொழில் தொடங்குவதை என் குடும்பத்தினர் ஏற்பர்' என்று ஒரு வரியை அச்சிட்டு, ஒன்று முதல் ஐந்துவரை ஓர் எண்ணை வட்டமிடச் சொல்வார்கள். மாணவன் இரண்டை வட்டமிட்டால் குடும்பம் குற்றவாளி. அந்த இரண்டு எதனால் இரண்டாயிற்று என்று கேட்கத் தாளில் இடமில்லை.

இந்தப் போக்கின் மூதாதையர் இருவரை நினைவுகூரலாம். இந்து சமய ஒழுக்கம் முதலாளியத்துக்கு ஊக்கம் தராது என்று மாக்ஸ் வேபர் கடலுக்கு அப்பாலிருந்தே எழுதிவிட்டார். 1960களில் மில்டன் சிங்கர் சென்னையின் தொழிலதிபர்களை நேரில் கண்டு பேசியபோது தெரியவந்தது வேறு. பூசையறையும் கூட்டுக்குடும்பமும் அவர்களுடைய ஆலைகளுக்குக் குறுக்கே நிற்கவில்லை. கூட்டுக்குடும்பம் முதலும் ஆளும் தந்து உதவியே இருந்தது. மற்றவர் டேவிட் மெக்லெலண்ட். நம்மைப் போன்ற இலக்கியப் பித்தர்களுக்கு அவரிடம் ஒரு தனிச் சுவை உண்டு. 1961இல் வெளிவந்த தம் நூலுக்காக அவர் பல நாடுகளின் பள்ளிப் பாடநூல் கதைகளைத் திரட்டி, அவற்றில் சாதனை வேட்கை எத்தனை முறை தலைகாட்டுகிறது என்று எண்ணிப் பார்த்தார். கதையில் வேட்கை மிகுந்தால் நாடு வளரும் என்பது அவர் கட்சி. அதை மெய்ப்பிக்க அவர் தேர்ந்த ஊர்களுள் ஒன்று காக்கிநாடா. நம் ஏனாமுக்குப் பக்கத்து ஊர். அங்குள்ள சிறு வணிகர்களுக்குச் சாதனை வேட்கையைப் பயிற்றுவித்தார். பயிற்சி பெற்றவர்கள் பின்னர் சுறுசுறுப்பாகத் தொழிலை விரித்தார்கள் என்று 1969இல் நூல் எழுதினார். நல்லது. ஆனால் அங்கே பயிற்சிக்கு வந்தவர்கள் ஏற்கெனவே கடையும் சரக்கும் உடையவர்கள். விரிக்க அவர்களிடம் ஏதோ இருந்தது. பாகூர்க் கல்லூரி மாணவனிடம் விரிக்க என்ன இருக்கிறது என்பதை எந்தப் பயிற்சியாளரும் கேட்டுக்கொள்வதில்லை.

என்ன இருக்கிறது என்று நாமே பார்ப்போம். பாகூர் புதுச்சேரியின் நெற்களஞ்சியம். தென்பெண்ணையிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியே நீர் பெறும் பெரிய ஏரி அதற்கு உண்டு. சிங்காரி, பங்காரி என்ற இரு நடனமாதர் தம் பொருளைச் செலவிட்டு வெட்டுவித்த கால் அது என்பது ஊர் வழக்கு. ஏரி இருக்கிறதே தவிர நிலம் பலர் கையில் துண்டுதுண்டாகவோ குத்தகையாகவோதான் இருக்கிறது. ஒரு குடும்பத்தின் வருமானத்தைப் பிரித்துப் பார்த்தால் ஒரு போகத்து நெல், இரண்டு மாடு, தந்தையின் கொத்துவேலையோ ஓட்டுநர் வேலையோ, தாயின் குழுக்கடன் சுழற்சி என்று நான்கைந்து சிறு ஓடைகள் தெரியும். ஒன்று வற்றினால் மற்றொன்று. இவ்வளவு பிரித்துப் பிரித்து இடரைப் பரப்பி வைத்திருக்கும் குடும்பத்துக்கு இடர் மேலாண்மை கற்றுத்தர ஒருவர் கட்டணம் வாங்கிக்கொண்டு வருகிறார் என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

இந்த ஓடைகளுக்கு நடுவே மாதந்தோறும் தவறாமல் வரும் ஒரு தொகைக்கு என்ன மதிப்பு என்பதைப் புதுச்சேரிக் கிராமம் போல் அறிந்த இடம் குறைவு. பிரெஞ்சு ராணுவத்தில் சேவை செய்து திரும்பிய சொல்தாவின் வீட்டை ஊர் பார்த்திருக்கிறது. அவர் இறந்த பின்னும் மனைவிக்கு ஓய்வூதியம் வந்ததையும் பார்த்திருக்கிறது. 1954க்குப் பிறகு அந்த இடத்தை ஆசிரியரும் காவலரும் எல்டிசியும் யுடிசியும் பிடித்துக்கொண்டார்கள். வங்கிக்காரரும் பெண் வீட்டாரும் வீட்டு உரிமையாளரும் ஒருமித்து நம்பும் ஒரே காகிதம் சம்பளச் சீட்டு. ஆகவே தந்தை அதை விரும்புகிறார். இதை நோய் என்று அழைப்பவர்கள் தம் சட்டைப்பையில் எந்தச் சீட்டை வைத்திருக்கிறார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. அந்தக் கல்லூரியில் மாணவர்களைத் துணியச் சொன்ன பேராசிரியர்களில் யாரும் துணிந்து வேலையை விட்டதாக நாங்கள் கேள்விப்படவில்லை.

அந்தச் சம்பளமும் கல்லில் எழுதியதல்ல என்பது வேறு கதை. 1898இல் பிறந்த ரோடியர் மில், பிற்காலத்து ஏஎஃப்டி, புதுச்சேரி உழைப்பாளிகளின் பெருமிதமாக இருந்தது. 1936 ஜூலை 30இல் பன்னிரண்டு தொழிலாளர்கள் சுடப்பட்டு இறந்ததன் பின்னே எட்டு மணி நேர வேலை வந்தது. அந்த ஆலை 2020 ஏப்ரலோடு மூடப்பட்டது. பாப்ஸ்கோ, பாசிக் போன்ற அரசு சார்பு நிறுவனங்களின் ஊழியர்கள் நிலுவைச் சம்பளத்துக்காக ஆண்டுக்கணக்கில் தெருவில் உட்கார்ந்தார்கள். 1990களில் வரிச்சலுகையை நாடி ஆலைகள் வந்தன. சலுகைக் காலம் தீர்ந்ததும் பல மெல்ல நழுவின. முதலாளி என்பவர் வெளியூரிலிருந்து வந்து வெளியூருக்கே போய்விடுபவர், நம் பிள்ளைக்கு வாய்ப்பது ஒப்பந்தக் கூலி என்பதே இந்த முப்பதாண்டுகளில் ஊர் கற்ற தொழிற்பாடம். வீட்டுத் திண்ணையில் பேசப்படும் எச்சரிக்கைகளுக்குப் பின்னே இத்தனை கணக்கு இருக்கிறது.

ஊருக்குள்ளேயே இருக்கும் முதலாளிகள் யார்? வில்லியனூர், பாகூர் இரண்டு கொம்யூன்களும் தமிழ்நாட்டு எல்லையோடு பின்னிக் கிடப்பவை. வரி வேறுபாட்டால் எல்லையோரத்தில் செழிப்பது மதுக்கடை. ஏலத்தில் எடுக்கும் சாராயக்கடைக்கும் உரிமம் பெற்ற கடைக்கும் வேண்டியது அரசியல் அறிமுகமும் ரொக்கமும். அடுத்து, நெல்வயலை மனையாக்கி விற்பவர். அடுத்து, தண்டல் விடுபவர். ஊர்க்காரன் கண்ணெதிரே பணக்காரனான வழிகள் இவை. என் மகன் தொழில் செய்ய வேண்டாம் என்று ஒரு தாய் சொல்லும்போது அவள் மனக்கண்ணில் நிற்பது இந்த முகங்களாக இருக்கக்கூடும். அதைக் கோழைத்தனம் என்று எழுத எங்களுக்கு மனம் வரவில்லை. (அப்பகுதியில் கண்ணில் படும் மிகப் பெரிய கட்டடங்கள் தனியார் கல்லூரிகளுடையவை என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். முகாம் நடந்த அரங்கே ஒரு வெற்றிகரமான தொழில்முனைவின் சான்று. மாணவர்கள் அதன் வாடிக்கையாளர்கள்.)

இவ்வளவும் குடும்பத்தின் பக்கம் நின்று சொன்னது. இனி குடும்பத்தோடு எங்களுக்குள்ள சண்டைக்கு வருகிறோம்.

குடும்பம் இடருக்கு அஞ்சுகிறது என்பது பொய். பொறியியல் இடத்துக்காக நிலத்தை அடகு வைக்கிறது. மகள் திருமணத்துக்கு, ஊர் வியக்கும் பந்தலுக்கு, மூன்று வட்டிக்கு வாங்குகிறது. வெளிநாடு அனுப்புவதாகச் சொல்லும் ஏஜென்டின் கையில் எந்தச் சீட்டும் இன்றி லட்சங்களைக் கொடுக்கிறது. இவற்றில் எதுவும் ஒரு சிறு பட்டறைக்கு வேண்டிய முதலைவிடக் குறைந்ததல்ல. வேறுபாடு தொகையில் இல்லை, தோல்விக்குத் தரும் பெயரில் இருக்கிறது. நான்கு ஆண்டு படித்து வேலையின்றி வீட்டில் இருப்பவன் 'பாவம், நேரம் சரியில்லை'. ஏஜென்டிடம் ஏமாந்தவன் 'வெகுளி'. கல்யாணக் கடனில் மூழ்கியவர் 'கடமையை முடித்தவர்'. ஒரு லட்சம் போட்டுக் கடை வைத்து ஓராண்டில் மூடியவன் மட்டும் 'காசைக் கரைத்தவன்'. அந்தப் பட்டம் அவன் திருமணப் பேச்சுவரை கூடவே வரும், தம்பியின் காதிலும் நாள்தோறும் ஓதப்படும். எதில் தோற்றால் மன்னிப்பு, எதில் தோற்றால் மன்னிப்பில்லை என்று ஒரு பட்டியல் எல்லா வீட்டிலும் எழுதாமல் இருக்கிறது. விழுமியம் என்று ஆய்வாளர் தேடுவது அந்தப் பட்டியலைத்தான். வட்டமிடும் எண்ணில் அது அகப்படாது.

தமிழ் வாசகருக்கு இதை விளக்க ஒரு கதையே போதும். மாசாத்துவான் மகன் தொழிலில் நொடிக்கவில்லை, பொருளைக் கலைக்கும் காதலுக்கும் இறைத்தான் என்பது உண்மைதான். ஆனால் அவன் திரும்பி வந்த நாளை நினைத்துப் பாருங்கள். புகாரில் தந்தை வீடு இருக்கிறது. மாமன் மாநாய்கன் வீடும் இருக்கிறது. இரண்டிலும் செல்வத்துக்குக் குறைவில்லை. அவன் எந்தக் கதவையும் தட்டவில்லை. மனைவியின் காற்சிலம்பை முதலாகக் கொண்டு இழந்ததை ஈட்டலாம் என்று, இருள் விலகுமுன் யாருக்கும் சொல்லாமல் அவளை அழைத்துக்கொண்டு ஊரை விட்டு வெளியேறுகிறான். கெட்ட மகன் மீண்டும் தொடங்கச் சொந்த ஊரில் இடமில்லை. முதலாக நிற்பது மனைவியின் நகை. அந்நிய ஊரில் அறிமுகமோ பிணையோ இல்லாதவன் கையில் விலையுயர்ந்த பொருள் இருந்தால் அவன் கள்வன். நூற்றாண்டுகளாக நாம் ஊழ்வினையைப் பற்றியும் கற்பைப் பற்றியும் அக்காப்பியத்தின் மேல் மேடை மேடையாகப் பேசியிருக்கிறோம். கோவலன் ஏன் தகப்பன் வீட்டுக் கதவைத் தட்டவில்லை என்று எத்தனை பட்டிமன்றம் கேட்டது?

தட்டினால் திறக்கும் கதவு இருந்த சமூகங்களில் என்ன நடந்தது என்பதும் நமக்குத் தெரியாததல்ல. நாடார் சமூகத்தை 'பிறவியிலேயே வணிகர்' என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்களில் மிகப் பலர் பனையேறிகள். வணிகத்துக்கு வந்தவர்கள் பேட்டைகளில் ஒன்றுகூடி, விற்கும் சரக்கின்மேல் மகமை என்று ஒரு சிறு பங்கைப் பொதுநிதிக்கு எடுத்துவைத்தார்கள். அந்நிதியும் வீட்டுக்கு வீடு எடுத்துவைத்த பிடி அரிசியும் விருதுநகரில் சத்திரிய வித்தியாசாலையை நடத்தின. காமராசர் படித்தது அங்கே. 1921இல் தூத்துக்குடியில் சமூகத்துக்கென ஒரு வங்கியே பிறந்தது. 1922இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தாவுக்குப் போனார்கள். போனவர்களின் துணிவை நாம் வியக்கிறோம். முதுகுக்குப் பின்னே ஒரு மகமை இருந்ததைச் சொல்ல மறந்துவிடுகிறோம். நகரத்தார் வீட்டுச் சிறுவன் பர்மாவிலோ மலாயாவிலோ பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, பிறர் முதலில், பிறர் கண்காணிப்பில் தவறு செய்து கற்றான். திருப்பூரில் வேளாண் குடும்பத்திலிருந்து வந்து பனியன் ஆலைத் தொழிலாளிகளாக இருந்த கவுண்டர்கள் முதலாளிகளானதை ஷாரத் சாரி 2004இல் ஒரு முழு நூலாக எழுதினார். அவர்கள் தம் வெற்றிக்குச் சொன்ன ஒரே சொல் உழைப்பு. அதே ஆலைகளில் அதே அளவு உழைத்த பிற சாதியார் எல்லோரும் முதலாளிகளாகிவிடவில்லை என்பதையும், உறவின் வழியே வந்த கடனும் நம்பிக்கையும் யாருக்குக் கிடைத்தன என்பதையும் சேர்த்துத்தான் அந்தச் சொல்லைப் படிக்க வேண்டும்.

வில்லியனூர், பாகூர் கிராமங்களில் பெருந்தொகையாக வாழும் உழவர்களுக்கும் உழவுத் தொழிலாளர்களுக்கும் இப்படியொரு மகமை வரலாற்றில் வாய்க்கவில்லை. ஊருக்கு வெளியே தள்ளிவைக்கப்பட்ட தெருக்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அங்கிருந்து ஒருவன் தேநீர்க் கடை வைத்தால் ஊர்த்தெருவிலிருந்து எத்தனை பேர் வந்து குடிப்பார்கள் என்பது சந்தை ஆய்வுக்குரிய கேள்வியன்று. எல்லோருக்கும் விடை தெரிந்த கேள்வி. 2005ஆம் ஆண்டுப் பொருளாதாரக் கணக்கெடுப்பை வைத்து எழுதப்பட்ட ஆய்வொன்று, நாட்டு மக்கள்தொகையில் 16 விழுக்காட்டுக்கு மேலிருந்த பட்டியல் சாதியாரிடம் தொழில் நிறுவனங்களில் 9.8 விழுக்காடே இருந்தன என்று காட்டியது. இதைத் தொழில்நாட்டக் குறைவு என்று எழுதும் ஆய்வேட்டை என்னவென்று அழைப்பது? வாங்குபவனின் விழுமியம் விற்பவனைத் தடுக்கிறது. சோதிக்கப்படுவதோ விற்பவன் வீட்டு விழுமியம்.

வில்லியனூரின் சுடுமண் கலையை இங்கே பேசாமல் இருக்க முடியாது. புவிசார் குறியீடு பெற்ற கலை. அவ்வூர்க் கலைஞர் வி. கே. முனுசாமிக்கு 2020இல் பத்மஸ்ரீ அளிக்கப்பட்டது. அரசு விழாவில் விருந்தினருக்கு அந்தச் சுடுமண் பொம்மையைப் பரிசளிப்பார்கள், மகிழ்ச்சி. அதே தெருவில் ஒரு பையன் சக்கரத்தில் உட்கார விரும்பினால் முதலில் தடுப்பது அவன் தாய்தான். மண் பிசைகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்பாள். அவள் கேட்பது நியாயமான கேள்வி. சாதிப்பெயரோடு ஒட்டிக்கொண்ட தொழிலை விட்டு விலகுவதே அவளுக்கு விடுதலையாகத் தெரிகிறது. பெரியாரும் அம்பேத்கரும் குலத்தொழிலுக்கு எதிராகச் சொன்னதை அவள் தன் வாழ்க்கையிலிருந்து சொல்கிறாள். அவளை நாங்கள் மறுக்கப்போவதில்லை. ஆனால் பக்கத்து ஆரோவில்லில் வேறொரு நாட்டவர் அதே களிமண்ணில் கை வைத்தால் அது கலை, தொழில்முனைவு, மன அமைதிக்கான வழி என்று மூன்று பெயர் பெறுகிறதே, அதை அவளுக்கு எப்படி விளக்குவது? சில கல் தொலைவில் அரிக்கமேடு இருக்கிறது. 1945இல் வீலர் அகழ்ந்த மண். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் மணி செய்து கடல் கடந்து விற்றவர்களின் பட்டறைகள் அங்கே கிடைத்தன. அவ்வூர்ப் பெருமையைப் பேசும் உரைகளில் உரோம நாணயமும் மதுச்சாடியும் வரும். மணி கோத்தவன் என்ன சாதியாய்க் கருதப்பட்டான், அவன் மகன் என்ன ஆனான் என்று யாரும் கேட்டதில்லை.

இலக்கியம் படிக்கும் நாமும் இதில் தூய கையர் அல்லர். பாகூர் என்றதும் நாம் பெருமையோடு எடுப்பது ஒன்பதாம் நூற்றாண்டுப் பல்லவச் செப்பேட்டை. நிருபதுங்கவர்மன் காலத்தில் பாகூர் வித்தியாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களின் வருவாய் விடப்பட்டது. அறிவுக்கு அரசு சோறிட்டது, மெத்தச் சரி. ஆனால் படித்தவன் பிறர் விளைவித்ததை உண்டு வாழலாம், அது அவனுக்குக் குறைவல்ல, மதிப்பு என்ற எண்ணத்துக்கும் அங்கே ஓர் ஆவணம் கிடைக்கிறது. அதையும் கூசாமல் படிக்க வேண்டும். ஆனந்தரங்கரை எடுத்துக்கொள்வோம். 1736 முதல் 1761 வரை அவர் எழுதிய நாட்குறிப்பு இல்லையேல் பிரபஞ்சனின் 'வானம் வசப்படும்' இல்லை; 1995இன் சாகித்திய அகாதெமி விருதும் இல்லை. அந்த நாட்குறிப்பில் நாம் தூய்ப்ளேயைத் தேடுகிறோம், போரைத் தேடுகிறோம், வழக்குத் தமிழைத் தேடுகிறோம். அவர் 'ஆனந்தப்புரவி' என்று கப்பல் விட்ட வணிகர். துணியின் விலை, கப்பலின் வரவு, யார் எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் பக்கம் பக்கமாக அதில் கிடக்கின்றன. அப்பக்கங்களை நாம் சலிப்போடு புரட்டிவிட்டோம். தமிழில் வணிகன் தன் கைப்பட எழுதிவைத்த ஒப்பற்ற பதிவை, வணிகத்தை மட்டும் கழித்துவிட்டுப் படித்த பெருமை நம்மையே சாரும்.

பாவேந்தர் இதில் விதிவிலக்கு. அவர் தந்தை வணிகர். அவரோ 37 ஆண்டு பிரெஞ்சு அரசின் சம்பளம் வாங்கிய ஆசிரியர். அப்படியும் 'குடும்ப விளக்கு' எழுதியபோது குடும்பத் தலைவனைக் கடை நடத்தும் வணிகனாகப் படைத்தார்; தலைவிக்கும் அந்தக் கடையில் வேலை உண்டு. நமது பாடநூல்கள் அதிலிருந்து விடியலில் கோலமிடுவதையும் விருந்தோம்பலையும் எடுத்துக்கொண்டன. மெக்லெலண்ட் நம் பாடநூல்களை எண்ணிப் பார்த்தால் எத்தனை மதிப்பெண் கொடுப்பார் என்று எங்களுக்குள் பந்தயம் உண்டு. புதுக்கவிதையிலும் சிறுகதையிலும் கடைக்காரர் என்றால் எடை குறைப்பவர், வட்டிக்காரர், தொந்திக்காரர். அவர் இரவில் கணக்கு முட்டாமல் விழித்துக் கிடந்ததை எழுதியவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள்.

அரசின் பக்கம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு முடிக்கலாம். திட்டங்கள் இல்லாமல் இல்லை. 2008 முதல் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம் இருக்கிறது. கிராமத்தில் தொடங்கும் பொதுப்பிரிவினருக்கு 25 விழுக்காடு, பெண்கள், பட்டியல் சாதியார், பிற்படுத்தப்பட்டோர் முதலியோருக்கு 35 விழுக்காடு மானியம். 2015இல் முத்ரா வந்தது. சிறு தொழிற்கடனுக்கு, குறைந்தது 10 லட்சம்வரையிலேனும், வங்கி பிணையம் கேட்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. பிணையமின்றிக் கொடுத்த கடன் திரும்பாவிட்டால் வங்கி என்ன செய்யும்? அதற்கும் வழி செய்திருக்கிறார்கள். 2000ஆம் ஆண்டிலேயே மத்திய அரசும் சிட்பியும் சேர்ந்து கடன் உத்தரவாத அறக்கட்டளை ஒன்றை நிறுவின. கடன் மூழ்கினால் அதன் பெரும்பகுதியை அந்த அறக்கட்டளை வங்கிக்கு ஈடுசெய்யும். வாங்கியவனின் கடனோ அப்படியே நிற்கும்.

இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். தொழில் என்றால் சில நொடிக்கும், அந்த இழப்பை யாராவது தாங்கினால்தான் அடுத்தவர் துணிவார் என்ற உண்மை அரசுக்குத் தெரிந்தே இருக்கிறது. தெரிந்துதான் வங்கிக்கு ஒரு மகமை ஏற்படுத்தியது. வங்கி அஞ்சியபோது அதற்கு விழிப்புணர்வு முகாம் நடத்தவில்லை. உன் மனநிலைதான் தடை என்று மேலாளர்களை எழுப்பி நிறுத்தி மும்முறை உறுதிமொழி வாங்கவில்லை. அச்சம் நியாயமானது என்று ஒப்புக்கொண்டு பணம் வைத்தது. அதே அச்சம் பாகூரில் இரண்டு மாடு வைத்திருக்கும் தாய்க்கு வந்தால் அதற்குப் பெயர் பிற்போக்கு விழுமியம்.

அந்தத் தாய்க்கும் ஒரு மகமை இருந்து, மகன் கடையை மூடிய பிறகும் வீட்டில் ஆறு மாதம் அடுப்பெரியும் என்ற உறுதி இருந்து, மூடிய கடைக்காரனை மாப்பிள்ளையாக ஏற்கத் தயங்காத ஊரும் இருந்தால், அவள் எந்த எண்ணை வட்டமிடச் சொல்வாள் என்று பார்த்துவிட்டு விழுமியத்தைப் பற்றிப் பேசலாம். கொம்யூன் பஞ்சாயத்தும் கூட்டுறவுச் சங்கமும் மகளிர் குழுக் கூட்டமைப்பும் இருக்கும் இடத்தில் இதைச் செய்துபார்க்கப் புதிதாக ஒரு நிறுவனம்கூட வேண்டியதில்லை. பாண்லேவுக்குப் பாலூற்றும் சங்கத்தில் லிட்டருக்குச் சில காசு எடுத்துவைப்பதை மகமை என்று அழைக்க யார் தடுக்கப்போகிறார்கள்? நிதி சிறிதாகத்தான் இருக்கும். பேட்டைகளின் மகமையும் சிறிதாகத்தான் தொடங்கியது.

அந்தக் கல்லூரியிலிருந்து அடுத்த முகாமுக்கும் மேசை போட அழைப்பு வந்திருக்கிறது. வருவதாகச் சொல்லியிருக்கிறோம். கூடவே, முகாமில் தரும் வினாத்தாளில் இரண்டு கேள்விகளைச் சேர்க்கும்படி எழுதிக் கேட்டோம். ஒன்று: உங்கள் வீட்டில் சம்பளம் அல்லாத வருமானம் ஈட்டுபவர் யார், எப்படி? மற்றொன்று: நீங்கள் தொடங்கும் தொழில் நொடித்தால் முதலில் அடகுக்குப் போகும் நகை யாருடையது? வினாத்தாள் ஏற்கெனவே அச்சாகிவிட்டது என்று பதில் வந்தது.